சினைப்பையைப் படிப்பது எப்படி? தட்டைமீன்களின் முட்டை வளர்ச்சியும் முட்டையிடும் பருவமும்

தட்டைமீன் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உடம்பு மெலிசாக இருப்பதால் வெளிச்சம் ஓரளவு ஊடுருவி வரும். வயிற்றுக் குழியிலிருந்து வால் பக்கமாக நீண்டு கூம்பி முடியும் ஒரு முக்கோண நிழல் தெரிந்தால் அது பெண். அந்த நிழல்தான் சினைப்பை. ஆணின் விந்துப்பை சின்னது, வயிற்றுக் குழிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். கத்தி வைக்காமல் ஆண், பெண் பிரிக்கும் இந்த வசதி மற்ற மீன்களில் லேசில் கிடைக்காது. இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த நிழலைத்தான்.

உலகக் கடல்களில் ஏறத்தாழ 800 வகைத் தட்டைமீன்கள் இருக்கின்றன. நாக்குமீன், எருமைநாக்கு, சோல், ப்ளேஸ், டர்பட், ஹாலிபட், ஃப்ளவுண்டர் எல்லாம் இந்தக் கூட்டம்தான். பெரும்பாலானவை கடலடித் தரையில் கிடப்பவை. ஆனால் அவற்றின் முட்டைகளில் பெரும்பகுதி நீரில் மிதக்கும். தரையில் கிடக்கும் தாய் எப்படி மிதக்கும் முட்டையை உண்டாக்குகிறது, அதை ஆண்டின் எந்த மாதத்தில் வெளியிடுகிறது, அந்த மாதத்தை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? இவற்றைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கல்லூரி ஆய்வேட்டுக்காகத் தொடங்குபவர், மீன்வளக் கணக்கெடுப்பில் புதிதாகச் சேர்ந்தவர், குஞ்சு பொரிப்பகத்தில் வேலைக்கு வந்தவர் என யாருக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் மாதம்

முட்டையிடும் பருவத்தைப் படிக்க வேண்டுமென்றால் சினை நிறைந்த மாதத்தில் தொடங்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். சினை நிறைந்த மீன் கையில் கிடைக்கும்போது அந்த ஆண்டின் முடிவுகள் எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. எத்தனை முட்டை, எந்த அளவு, இந்த ஆண்டு இடுவதா வேண்டாமா என்பதெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே, சினைப்பை வெறுமையாகத் தெரியும் காலத்தில் தீர்மானமாகின்றன. ஐரோப்பாவின் வட கடலில், அதன் தெற்குப் பகுதியில் ப்ளேஸ் மீன் முட்டையிடுவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை, உச்சம் ஜனவரி வாக்கில். ஆனால் அந்த முட்டைகளில் மஞ்சள்கரு சேரத் தொடங்குவது முந்தைய கோடையின் கடைசியில். டிசம்பரில் மாதிரி எடுக்கத் தொடங்குபவர் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கிறார்.

ஆகவே முழுதாகப் பன்னிரண்டு மாதம் திட்டமிடுங்கள். முடிந்தால் பதினான்கு. முதலிரண்டு மாதங்கள் திரும்ப வரும்போது ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாதத்துக்கு முப்பது பெண் மீன்களாவது இருக்கட்டும். பருவம் நெருங்கும்போது மாதம் இருமுறை எடுங்கள், ஏனென்றால் அப்போது வாரத்துக்கு வாரம் மாறும். சின்னது, நடுத்தரம், பெரியது என எல்லா அளவிலும் எடுக்க வேண்டும். முதல்முறை சினை பிடிக்கும் மீனும் பல ஆண்டுகள் இட்டுப் பழகிய பெரிய தாயும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. தட்டைமீன்களில் பெண்கள் ஆண்களைவிடப் பெரிதாக வளர்ந்து, ஓரிரு ஆண்டு தாமதமாக முதிர்ச்சியடைவது வழக்கம். அதனால் பெரிய மீன்களை மட்டும் பொறுக்கினால் ஆண்கள் கணக்கில் வரமாட்டார்கள், சின்னதை மட்டும் எடுத்தால் முதிர்ந்த பெண்கள் வரமாட்டார்கள்.

இன்னொன்று. பல தட்டைமீன்கள் இரை தேடும் இடமும் முட்டையிடும் இடமும் வேறு வேறு. ப்ளேஸ் மீன் போக வேண்டிய திசையில் ஓதம் ஓடும்போது தரையை விட்டு நீரின் நடுவுக்கு எழும்பி, நீரோட்டத்தோடு போகும். ஓதம் திரும்பியதும் தரையில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். ஹாலிபட் குளிர்காலத்தில் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. நீங்கள் ஒரே இடத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தால் ஒரு மாதம் முதிர்ந்த பெண்கள் திடீரென்று காணாமல் போவார்கள். பருவம் முடிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் முட்டையிடப் போயிருக்கலாம். பிடித்த இடம், ஆழம், நீரின் வெப்பநிலை, வலையின் கண்ணளவு நான்கையும் ஒவ்வொரு மீனோடும் குறித்து வையுங்கள்.

அறுப்பதும் எடைபோடுவதும்

மீனைக் கண் இருக்கும் பக்கம் மேலாக வைத்து, மொத்த நீளம், முழு எடை இரண்டையும் எடுங்கள். பிறகு கழிவாயிலிருந்து தொடங்கி வயிற்றுக் குழியைத் திறந்து, அங்கிருந்து அடித்துடுப்பின் எலும்புகளுக்கு மேலாக வால் நோக்கிக் கத்தியை மெல்ல ஓட்டுங்கள். சினைப்பை இரண்டு மடல்களாக, நடு எலும்புத் தட்டியின் இருபுறமும் பின்னோக்கி நீண்டிருக்கும். முனை மிக மெலிசு, அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளேயே தங்கிவிடும். கண் பக்க மடல், வெள்ளைப் பக்க மடல் இரண்டையும் தனித்தனியாக எடைபோடுங்கள். சில வகைகளில் இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் இருக்கும். முதல் சில மாதங்களில் இதை உறுதி செய்துகொண்டால் பிற்பாடு ஒரு மடலை மட்டும் எடுத்துக் கணக்குப் போடலாமா கூடாதா என்பது தெரிந்துவிடும்.

ஈரலையும் எடைபோடுங்கள். இதை விட்டுவிட்டு அப்புறம் வருந்துபவர்கள் நிறைய. மஞ்சள்கருவுக்கான மூலப்பொருள் ஈரலில்தான் தயாராகிறது. அதன் எடை ஏறி இறங்குவதைப் பார்த்தாலே சினைப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பாதி புரிந்துவிடும்.

கடைசியாக, குடலும் சினைப்பையும் நீக்கிய உடலின் எடை. சினைக் குறியீடு என்பது சினைப்பையின் எடையை இந்த எடையால் வகுத்து நூறால் பெருக்குவது. உடல் 600 கிராம், சினைப்பை 90 கிராம் என்றால் குறியீடு 15. முழு எடையால் வகுப்பவர்களும் உண்டு. நான் அதை விரும்புவதில்லை. வயிறு நிறைய இரை இருக்கும் மீனும், முட்டையிடும் குளிர்காலத்தில் தின்பதையே நிறுத்திவிட்ட ப்ளேஸ் போன்ற மீனும் ஒரே தராசில் நிற்காது. எதால் வகுத்தாலும் ஆண்டு முழுக்க அதையே கடைப்பிடியுங்கள்.

ஆண்களின் குறியீட்டைப் பார்த்துக் கலங்க வேண்டாம். சோல் வகைகளில் நன்கு முதிர்ந்த ஆணுக்கே அது 1 சதவீதத்தைத் தொடாது. விந்துப்பை அவ்வளவு சின்னது, அவ்வளவுதான்.

சினைப்பையை உறைபெட்டியில் போடாதீர்கள். நான் தொடங்கிய காலத்தில் ஃபார்மலின் (மாதிரி கெடாமல் காக்கும் ஃபார்மால்டிஹைடு கரைசல்) தீர்ந்துபோய், இரண்டு மாத மாதிரிகளை உறைய வைத்துவிட்டேன். எடை சரியாக இருந்தது. ஆனால் வெட்டிப் பார்த்தபோது பனித்துகள்கள் முட்டையணுக்களைக் கிழித்து, மஞ்சள்கரு கசிந்து, எல்லாம் ஒரே குழம்பாகக் கிடந்தது. போன மாதங்களைத் திரும்பப் பிடிக்க முடியாது, ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. மீன் செத்த சில மணி நேரத்துக்குள், அமிலச் சமன் செய்த 4 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசலில், சினைத் துண்டைப் போலப் பத்து மடங்காவது கரைசல் இருக்கும்படி போடுங்கள். பெரிய சினைப்பை என்றால் முழுதாகப் போட்டால் நடுவில் கரைசல் இறங்காது, துண்டாக வெட்டிப் போடுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பழைய முறைகளில் சொல்லப்படும் கில்சன் கரைசலில் பாதரச உப்பு இருக்கிறது. முட்டைகளைப் பிரித்தெடுக்க அது வசதிதான், ஆனால் இன்றைக்கு அதைத் தொடக் காரணமே இல்லை.

கண்ணால் பார்க்கும் கட்டங்கள்

வெறும் கண்ணால் சினைப்பையை ஐந்து நிலையாகப் பிரிக்கலாம். முதிராதது: சின்னதாக, கண்ணாடி போல, இளஞ்சிவப்பாக இருக்கும், முட்டை தனித்துத் தெரியாது. வளர்வது: ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறம் ஏறி, ரவை போலத் திட்டுத்திட்டாக முட்டைகள் தெரியும். முதிர்ந்தது: ஆரஞ்சு நடுவே அங்கங்கே கண்ணாடி மணிகள் போலத் தெளிந்த முட்டைகள். ஒழுகுவது: வயிற்றை லேசாக அழுத்தினாலே தெளிந்த முட்டைகள் வெளியே வரும். இட்டு முடித்தது: தொங்கிப்போன பை, கருஞ்சிவப்பு, உள்ளே சில மிச்ச முட்டைகள்.

இதுவரை எளிது. இட்டு முடித்த மீன் இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்த பிறகுதான் சிக்கல் வருகிறது. அதன் சினைப்பை சுருங்கி, நிறம் வெளிறி, இன்னும் முதிராத இளம் மீனின் சினைப்பை போலவே ஆகிவிடும். கண்ணால் பிரிப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். முதிர்ச்சி அளவைக் கணக்கிடும் ஆய்வுகளில் இந்தத் தவறு புகுந்தால், தாய் மீன்கள் எல்லாம் குழந்தைகளாகிவிடும். பையின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஒருமுறை இட்ட மீனின் சுவர் தடித்து, வழுக்கலாக, சற்று முரடாக இருக்கும். இளம் மீனுடையது வெங்காயத் தோல் போல மெலிசு. இது நல்ல குறிப்புதான், ஆனால் தீர்ப்பு சொல்ல நுண்ணோக்கிக்குத்தான் போக வேண்டும்.

நுண்ணோக்கியின் கீழே

இந்தப் படியில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் மற்ற எல்லாம் இதைச் சார்ந்தே நிற்கின்றன.

பதப்படுத்திய சினைத் துண்டை மெழுகில் பதித்து, 5 மைக்ரான் தடிமனில் சீவி, ஹெமட்டாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றுங்கள். முதலாவது நீலமும் இரண்டாவது இளஞ்சிவப்பும் தரும். இனி ஒரு முட்டையணு பிறந்து வளர்வதை நிறத்தாலேயே படிக்கலாம்.

ஆரம்பத்தில் முட்டையணு சின்னது. அடர் நீலத்தில் இருக்கும், நடுவில் பெரிய உட்கரு, அதன் ஓரத்தில் மணிமாலை கோத்தது போல நுண்மணிகள். இவை சேமிப்பு. எல்லா மாதத்திலும், எல்லா வயதுப் பெண்ணிலும் இருக்கும். இட்டு முடித்து வற்றிக் கிடக்கும் பையிலும் இவை ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அடுத்த ஆண்டின் முட்டையும் அதற்கடுத்த ஆண்டின் முட்டையும் இவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்து, அணுவின் ஓரத்தில் வெறுமையான சின்னச் சின்னக் குமிழ்கள் தோன்றும். சாயம் ஏறாததால் துளை போலத் தெரியும். இவை பிற்பாடு, விந்து நுழைந்த கணத்தில் வெடித்து, முட்டையின் உறையைத் தூக்கி இறுக்கி வேறு விந்து நுழையாமல் தடுக்கும் பொருளைச் சுமப்பவை. இந்தக் குமிழ்கள் தெரிந்தால் இந்த மீன் இந்தச் சுற்றில் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்நீர் வகைகள் பலவற்றில், வரும் பருவத்தில் இடப்போகும் பெண்ணை இந்த அடையாளத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

பிறகு மஞ்சள்கரு. பகல்நேரம் நீளுவதும் குறைவதும் மூளைக்குச் செய்தியாகப் போகிறது. மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு, அங்கிருந்து ஹார்மோன் வழியாகச் சினைப்பைக்கு. முட்டையணுவைச் சுற்றியிருக்கும் உறைச் செல்கள் ஈஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது இரத்தத்தில் போய் ஈரலைத் தட்டி எழுப்புகிறது. ஈரல் வைட்டலோஜெனின் என்ற புரதத்தைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. அதை முட்டையணு உள்வாங்கி மஞ்சள்கரு மணிகளாகச் சேர்த்துக்கொள்கிறது. சீவலில் இது இளஞ்சிவப்பு மணிகளாக, முதலில் ஓரத்தில், பிறகு உட்கருவை நோக்கி நிறைந்துகொண்டே வரும். ஈரலை எடைபோடச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

இந்தக் கட்டம் மாதக்கணக்கில் நீள்வது. கிரீன்லாந்து ஹாலிபட்டில் ஒரு முட்டை வளர்ந்து முடிய ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகிறது. அதனால் அதன் சினைப்பையில் இந்த ஆண்டுக்கான பெரிய முட்டைகளும் அடுத்த ஆண்டுக்கானவையும் ஒரே நேரத்தில் மஞ்சள்கருவோடு இருக்கும். இது தெரியாமல் எண்ணினால் கணக்கு முற்றிலும் தவறிப்போகும்.

இதற்கிடையில் எல்லா முட்டையும் கரைசேர்வதில்லை. உடலில் போதிய இருப்பு இல்லையென்றால் மீன் சில முட்டையணுக்களைக் கரைத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சீவலில் முட்டையின் சொந்த உறை துண்டுதுண்டாக உடைந்து, சுற்றியிருக்கும் உறைச் செல்கள் உள்ளே புகுந்து மஞ்சள்கருவைத் தின்பது தெரியும். ப்ளேஸ் மீன் இலையுதிர் காலத்தில் அதிகமாக முட்டைகளைத் தொடங்கிவிட்டு, பருவம் வருவதற்குள் இப்படிக் குறைத்துக்கொள்கிறது. இரை போதாத ஆண்டில் முழுச் சுற்றையே விட்டுவிடும் பெண்களும் உண்டு. விண்டர் ஃப்ளவுண்டரில் இது நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. உடல் முதிர்ந்த பெண், ஆனால் சினைப்பையில் சேமிப்பு அணுக்கள் மட்டும். இப்படி ஒன்று கிடைத்தால் ‘முதிராதது’ என்று எழுதும் முன் சுவரின் தடிமனைப் பாருங்கள், பழைய மீதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசிக் கட்டம் வேகமானது, அழகானது. உட்கரு நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து கரையும். மஞ்சள்கரு மணிகள் ஒன்றோடொன்று கலக்கும். புரதங்கள் உடைந்து தனி அமினோ அமிலங்களாக மாறுவதால் முட்டைக்குள் கரைபொருள் கூடுகிறது, அது நீரை இழுக்கிறது. முட்டை ஊதுகிறது. கன அளவு நான்கைந்து மடங்கு பெருகும் என்றால் விட்டம் 1.6 அல்லது 1.7 மடங்காகும். அதுவரை ரவை போல மங்கியிருந்தது இப்போது கண்ணாடியாகத் தெளிகிறது. உள்ளே இருக்கும் நீரில் உப்பு கடல்நீரைவிடக் குறைவு, அதனால் எடை குறைவு. தரையில் கிடக்கும் தாயின் முட்டை மிதப்பது இதனால்தான். எண்ணெய்த் துளி ஒன்றுகூட இல்லாத ப்ளேஸ் முட்டையும், ஹாலிபட் முட்டையும் மிதக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். தூக்கிப் பிடிப்பது எண்ணெய் அல்ல, நீர்.

தெளிந்த முட்டை தன்னைச் சுற்றியிருந்த உறைச் செல்களின் பையை உடைத்து வெளியேறியதும் அந்தச் செல்லுறை அங்கேயே கசங்கிக் கிடக்கும். சீவலில் மடிந்த நாடா போலத் தெரியும் இந்தக் காலி உறைதான் ‘இந்த மீன் ஏற்கெனவே இட்டிருக்கிறது’ என்பதற்குச் சாட்சி. வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நாளில் கரைந்துவிடும், குளிர்நீரில் வாரக்கணக்கில் நிற்கும். முற்றிலும் கரைந்துவரும் முட்டையணுவும் ஒரு கட்டத்தில் இதைப் போலவே தெரியும். சந்தேகம் வந்தால் உள்ளே மஞ்சள்கருவின் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது காலி உறை அல்ல.

ஒரே சீவலில் சேமிப்பு அணு, மஞ்சள்கரு நிறைந்த அணு, தெளிந்த முட்டை, காலி உறை நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை முதல்முறை பார்க்கும் நாள் மறக்காது. நடந்தது, நடப்பது, நடக்கப்போவது மூன்றும் ஒரு கண்ணாடித் தகட்டில்.

அளக்கும்போது ஒரு விதி: உட்கரு தெரியும்படி வெட்டுப்பட்ட அணுக்களை மட்டும் அளக்க வேண்டும். ஓரமாகச் சீவப்பட்டது பெரிய அணுவாக இருந்தாலும் சின்னதாகத் தெரியும்.

எண்ணும் முறை

எண்ணுவதற்கு முன் முட்டைகளின் விட்டத்தை அளந்து ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். சீவல் தேவையில்லை, ஃபார்மலினில் இருந்த முட்டைகளைப் பிரித்துப் பரப்பி, நுண்ணோக்கிப் படத்தில் அளந்தால் போதும். சின்னச் சேமிப்பு அணுக்கள் ஒரு குன்றாகவும் வளரும் முட்டைகள் தனிக் குன்றாகவும் நின்று, நடுவில் இடைவெளி தெரிந்தால், இந்த ஆண்டுக்கான முட்டைகள் பிரிந்துவிட்டன என்று பொருள். இனிப் புதிதாகச் சேராது. எண்ணினால் அது இந்த ஆண்டின் மொத்த இருப்பு. ப்ளேஸ், ஹாலிபட் போன்றவை இந்த வகை.

இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருந்தால் நிலைமை வேறு. இட இடப் பின்னாலிருந்து புது முட்டைகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. நீண்ட பருவம் கொண்ட வெப்பக்கடல் வகைகளில் இதை எதிர்பார்க்கலாம். அங்கே சினைப்பையில் உள்ள மொத்தத்தை எண்ணுவது அர்த்தமற்றது. ஒரு தவணையில் எத்தனை, எத்தனை நாளுக்கொரு தவணை, பருவம் எத்தனை நாள் என்று மூன்றையும் கண்டுபிடித்துப் பெருக்க வேண்டும்.

முதல் வகைக்கு எடைமுறை எளிது. சினைப்பை 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முன், நடு, பின் என மூன்று இடங்களில் 0.1 கிராம் வீதம் எடுத்து எண்ணுகிறீர்கள்: 212, 205, 219. சராசரி 212. கிராமுக்கு 2,120. மொத்தம் 3,18,000 முட்டைகள். மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருந்தால் இன்னும் மூன்று எடுங்கள். தெளிந்த முட்டைகளோ காலி உறைகளோ உள்ள மீனை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. முதலாவது ஊதி எடையைக் கெடுக்கும். இரண்டாவது ஏற்கெனவே ஒரு பகுதியை இட்டுவிட்டது.

தட்டைமீன்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் இடுவதில்லை. ஹாலிபட் ஏறக்குறைய மூன்று நான்கு நாளுக்கு ஒரு தவணையாகப் பல தவணைகளில் இடுகிறது. டர்பட்டும் தவணை முறைதான், பெரிய தாய் ஒரு பருவத்தில் பல மில்லியன் முட்டைகள் இடும். பொரிப்பகத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தவணைக் கணக்கு உயிர்நாடி. உறையிலிருந்து கழன்ற முட்டை தாயின் வயிற்றிலேயே தங்கினால் பழுத்துக் கெட்டுவிடும். ஹாலிபட்டில் கழன்ற 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பிழிந்து எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தாய்க்கும் தனி அட்டை வைத்து, போன தவணை எப்போது, அடுத்தது எப்போது என்று குறித்து, அந்த நேரத்துக்கு எழுந்து போக வேண்டும். நள்ளிரவாக இருந்தாலும்தான். செனகல் சோலில் பிரச்சினை வேறு: கூண்டிலேயே பிறந்து வளர்ந்த ஆண்கள் பெண்ணை நாடி ஆடுவதில்லை, பெண் முட்டையிட்டாலும் கருவுறுவதில்லை. கடலில் பிடித்த ஆண்கள் இருந்தால் முட்டைகள் கருவுறுகின்றன. சினைப்பை முழுக்கச் சரியாக இருந்தும் குஞ்சு வராமல் போவதற்கு இப்படியும் காரணம் உண்டு.

பருவத்தை வரையறுப்பது

குறியீட்டின் மாதச் சராசரியை வரைந்து, உச்சம் தொட்ட மாதத்தை ‘முட்டையிடும் மாதம்’ என்று எழுதுவது வழக்கமான தவறு. உச்சம் என்பது பை நிறைந்த நாள், இட்ட நாள் அல்ல. இடத் தொடங்கியதும் குறியீடு சரியும். தவணைக்கு முன் நீரேறிய மீன் ஒன்று மாதிரியில் வந்துவிட்டால் சராசரியைத் தூக்கிவிடும், தவணை முடித்த மறுநாள் வந்தால் இறக்கிவிடும். ஆகவே குறியீட்டோடு இன்னொரு கோட்டையும் வரையுங்கள்: அந்த மாதப் பெண்களில் தெளிந்த முட்டையோ புதிய காலி உறையோ உள்ளவர்கள் எத்தனை சதவீதம். இந்த இரண்டாவது கோடு எப்போது எழுந்து எப்போது விழுகிறதோ அதுதான் பருவம்.

பருவத்தை எது தீர்மானிக்கிறது? ஆண்டின் அட்டவணையைப் பகல்நேர நீளம் போடுகிறது, வேகத்தை வெப்பநிலை கூட்டிக் குறைக்கிறது. டர்பட், ஹாலிபட் பண்ணைகளில் விளக்கு வெளிச்சத்தின் நேரத்தை மாற்றியே வெவ்வேறு தாய்க் கூட்டங்களை வெவ்வேறு மாதங்களில் முட்டையிட வைக்கிறார்கள். சோல் மீனோ குளிர் கடுமையில்லாத ஆண்டுகளில் முன்னதாகவே இட்டுவிடுகிறது. எனவே நீர் வெப்பநிலையைக் குறிக்காத மாதிரி பாதி மாதிரிதான்.

நீரில் கிடைக்கும் முட்டை

கையில் ஒரு நுண்வலை இருந்தால் தாயைப் பிடிக்காமலே பருவத்தைச் சரிபார்க்கலாம். கடல்மீனின் முட்டை மிதக்கும் என்பதையே 1860களில் நார்வேயின் ஜி. ஓ. சார்ஸ் காட் மீனில் கண்டு சொன்ன பிறகுதான் உலகம் அறிந்தது. வலையில் வரும் முட்டைகளில் தட்டைமீனுடையதைப் பிரிக்க விட்டமும் எண்ணெய்த் துளியும் உதவும். ஹாலிபட் முட்டை 3 மி.மீ. அளவு, இந்தக் கூட்டத்தில் மிகப் பெரியவற்றில் ஒன்று. ப்ளேஸ் ஏறத்தாழ 2 மி.மீ., எண்ணெய் இல்லை. டர்பட் 1 மி.மீ. சுற்றி, ஒரே ஒரு எண்ணெய்த் துளி. சோலில் சின்னச் சின்னத் துளிகள் கொத்துக் கொத்தாக இருக்கும்.

அப்புறம் முட்டையின் வயது. செல் பிரியத் தொடங்கியது, தட்டு போலப் பரவியது, மஞ்சள்கருவை முழுதும் மூடியது, முதுகுத்தண்டும் கண்ணும் தெரியும் கரு, பொரிக்கத் தயாரானது என்று கட்டம் பிரியுங்கள். ப்ளேஸ் முட்டை 6 டிகிரி செல்சியஸில் பொரிக்க ஏறத்தாழ மூன்று வாரம் எடுக்கும், 10 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். டர்பட் 15 டிகிரியில் ஐந்து நாள் வாக்கில். கட்டமும் வெப்பநிலையும் தெரிந்தால் இட்ட நாளைப் பின்னோக்கி எண்ணிவிடலாம். வெளுத்து மங்கிப் போனவை செத்தவை, அவற்றைத் தனியே எண்ணுங்கள்.

எல்லா முட்டையும் மிதக்காது என்பதையும் மறக்க வேண்டாம். விண்டர் ஃப்ளவுண்டர் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் ஆழமற்ற கழிமுகங்களில் தரையோடு ஒட்டும் முட்டைகளை இடுகிறது. நுண்வலையை நம்பியிருந்தால் அந்த மீன் இடவே இல்லை என்று தோன்றும். இன்னும் வியப்பானது பால்டிக் கடல். அங்கே ஃப்ளவுண்டர்களில் ஒரு கூட்டம் உப்பு அதிகமுள்ள ஆழ்பள்ளங்களில் மிதக்கும் முட்டை இட, இன்னொரு கூட்டம் உப்பு குறைந்த கரையோரத்தில் தரையில் கிடக்கும் முட்டை இடுகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. முட்டையையும் விந்தணுவையும் மரபணுவையும் பார்த்த பிறகு, 2018இல் கரையோரக் கூட்டத்தைப் ‘பிளாட்டிக்திஸ் சோலெம்டாலி’ என்று தனி இனமாகவே அறிவித்தார்கள். ஒரே வலையில் ஒரே மீனாக வந்துகொண்டிருந்தவை, முட்டையைக் கூர்ந்து பார்த்ததால் இரண்டாயின.

சரி, முதல் மாத மாதிரிக்குக் கிளம்பும்போது கூடையில் இவை இருக்கட்டும்: நீள அளவுப் பலகை, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, மெலிசான கத்தி, ஃபார்மலின் நிரப்பிய குப்பிகள், பென்சில். பேனா வேண்டாம், ஃபார்மலின் பட்டால் மை கரைந்துவிடும். மீன் எண், தேதி, இடம், எந்தப் பக்க மடல் என்று பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு ஈரத்தில் உரிந்துபோகும், அப்புறம் அது எந்த மாதத்துச் சினை என்று யாராலும் சொல்ல முடியாது.